போனி தீவு: எண்ணெய் முனையமும் நீருக்கடியில் இருக்கும் ஊர்களும்

எண்ணெய் விலைச் செய்திகளைப் பார்க்கிறவர்கள் 'போனி லைட்' என்ற பெயரைக் கடந்து வந்திருப்பார்கள். நைஜீரியாவின் கச்சா எண்ணெய் வகைகளில் மிகவும் பேர்பெற்றது அது. கந்தகம் குறைவு, அடர்த்தி குறைவு. சுத்திகரித்தால் பெட்ரோலும் டீசலும் நிறையக் கிடைக்கும். இந்திய ஆலைகளும் நெடுநாளாக நைஜீரியாவின் எண்ணெயை வாங்குகின்றன. அந்தப் பெயருக்குரிய போனி, நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் அட்லாண்டிக்கை ஒட்டிக் கிடக்கும் ஒரு தீவு. போர்ட் ஹார்கோர்ட் நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தெற்கே, அலையாத்திக் காடுகளுக்கும் உப்பங்கழிகளுக்கும் நடுவே இருக்கிறது.

1956இல் ஒலோய்பிரி என்ற ஊரில் ஷெல்-பிபி நிறுவனம் எண்ணெய் கண்டுபிடித்தது. 1958இல் நைஜீரியாவின் முதல் எண்ணெய்க் கப்பல் புறப்பட்டது. 1961இல் போனியில் ஏற்றுமதி முனையம் இயங்கத் தொடங்கியது. கழிமுகத்தின் கிணறுகளிலிருந்து எண்ணெய் நீண்ட குழாய்களில் இங்கே வந்து சேரும். வரும்போது அது சுத்தமாக இருக்காது, தண்ணீரும் உப்பும் கலந்திருக்கும். முனையத்துத் தொட்டிகளில் அதைத் தேக்கி, சூடாக்கி, ரசாயனம் சேர்த்துத் தண்ணீரைப் பிரிப்பார்கள். பிரித்த எண்ணெயைப் பெரும் தொட்டிகளில் சேமித்து வைத்து, கடலடிக் குழாய் வழியாக வெளியே தள்ளுவார்கள். கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் அப்பால் நங்கூரமிட்ட மிதவையில் டேங்கர் கப்பலைக் கட்டி, மிதக்கும் குழாயை இணைத்து, கடல் நடுவிலேயே எண்ணெய் ஏற்றுவார்கள்.

இவ்வளவு தூரம் போவதற்குக் காரணம் ஆழம். 20 மீட்டருக்கு மேல் நீருக்குள் அமிழும் பெரிய டேங்கர்களால் போனி ஆற்றுக்குள் வர முடியாது. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் மணல் திட்டு குறுக்கே கிடக்கிறது. ஓரளவு பெரிய கப்பல்கள் உள்ளே வருவதற்குக் கால்வாயைத் தொடர்ந்து தூர்வார வேண்டும். அதற்கென்றே ஒரு தனி நிறுவனம் அமைக்கப்பட்டது. மணல் திரும்பத் திரும்ப வந்து சேரும், அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த ஆழம் பற்றி போனியில் ஒரு பழைய கதை உண்டு. தீவின் ஆதி அரசர்களில் ஒருவர் அசிமினி. ஐரோப்பியக் கப்பல்கள் முதலில் வந்தது அவர் காலத்தில்தான் என்று மரபு சொல்கிறது. கப்பல்கள் பெரியவை, ஆற்று வாயில் ஆழம் போதவில்லை. ஆழம் வேண்டுமானால் விலை கொடுக்க வேண்டும் என்று தெய்வங்கள் கேட்டன. அசிமினி தன் மகளையே பலி கொடுத்தார். ஆறு ஆழமானது, கப்பல்கள் உள்ளே வந்தன.

கழிமுகத்தின் வாய்மொழி மரபுகளை வரலாற்றுச் சான்றுகளாக எடுத்து ஆராய்ந்தவர்களில் முன்னோடி எபியெக்பெரி ஜோ அலகோவா. அவரும் அவர் வழிவந்த ஆய்வாளர்களும் இப்படிப்பட்ட கதைகளை நடந்தது நடந்தபடி என்று எடுத்துக்கொள்வதில்லை. வணிகத்தால் எழுந்த ஓர் ஊர் தன் எழுச்சியை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதற்குச் சான்றாகத்தான் பார்க்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மாலுமிகளின் எழுத்துகளிலும் ஆற்று வாய்க்குப் பலி கொடுக்கும் வழக்கம் பற்றிப் பேச்சு வருகிறது. அதில் அவர்கள் நேரில் கண்டது எவ்வளவு, துறைமுகத்தில் கேட்டது எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். ஒன்று மட்டும் தெளிவு: கப்பல் வருவது ஊருக்குள் யாரோ ஒருவர் விலை கொடுத்த பிறகுதான் என்று அந்த ஊரே சொல்லிக்கொண்டது. அந்த விலையைக் கொடுத்தவர் அரசரல்ல, அவருடைய மகள்.

இந்தக் கதையை இன்றைய முனையத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நைஜர் கழிமுகத்தின் எண்ணெய்ப் பிரச்சினையை வெளியிலிருந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வறுமை, ஊழல், ஆயுதக் குழுக்கள் என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஊர்களின் கதைகளோ வேறு ஒரு கணக்கைப் பேசுகின்றன. நீர் செல்வம் தரும். ஆனால் நிபந்தனையோடுதான் தரும். நிபந்தனையை மீறினால் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அங்குள்ள மக்களின் குறை பிச்சை கேட்கும் குரலில் ஒலிக்காமல் ஒப்பந்தம் மீறப்பட்டவரின் குரலில் ஒலிப்பதற்கு இந்தப் பின்னணி முக்கியம்.

சரி, அந்த ஒப்பந்தம் எங்கே தொடங்கியது? போனி மக்கள் இபானிகள், இஜோ இனத்தின் ஒரு கிளை. 1500ஐ ஒட்டி இந்தக் கரைக்கு வந்த போர்ச்சுகீசியரான பசேகோ பெரேரா, ஒரே மரத்தைக் குடைந்து செய்த, 80 பேர் ஏறக்கூடிய படகுகளை இங்கே பார்த்ததாக எழுதியிருக்கிறார். அந்தப் படகுகள் உள்நாட்டுக்கு உப்பைக் கொண்டுபோய்க் கிழங்கும் ஆடுமாடும் அடிமைகளும் வாங்கி வந்தன. 18ஆம் நூற்றாண்டில் பியாஃப்ரா வளைகுடா என்ற இந்தக் கடல் பகுதியின் முதன்மையான அடிமைத் துறைமுகமாக போனி மாறியது. அட்லாண்டிக்கைக் கடந்து கொண்டுபோகப்பட்ட லட்சக்கணக்கானவர்களுக்கு ஆப்பிரிக்கக் கரையின் கடைசிக் காட்சி இந்த முகத்துவாரம்தான். அசிமினி மகளின் கதையைக் கேட்கும்போது இதை மறந்துவிட்டுக் கேட்க முடியாது.

1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. அப்புறம் அதே படகுகள், அதே ஆறுகள், கிட்டத்தட்ட அதே வணிகர்கள். சரக்கு மட்டும் பாமாயிலாக மாறியது. லிவர்பூலுக்குப் போன பாமாயில் சோப்பாகவும் மெழுகுவத்தியாகவும் இயந்திரங்களுக்குத் தேய்க்கும் எண்ணெயாகவும் ஆனது. 1885இல் பிரிட்டிஷ் அரசு இந்தக் கரையைத் தன் பாதுகாப்பில் எடுத்தபோது 'எண்ணெய் ஆறுகள்' என்ற பெயரிலேயே எடுத்துக்கொண்டது. பெட்ரோலியம் அகப்படுவதற்கு 70 ஆண்டுகளுக்கு முன்பே இது எண்ணெய் நாடு.

பாமாயில் காலத்து வணிக முறை கவனிக்க வேண்டியது. வந்த கப்பல் நேரே சரக்கு வாங்கத் தொடங்கிவிட முடியாது. முதலில் 'கோமி' என்ற துறைமுகத் தீர்வையை அரசருக்குக் கட்ட வேண்டும். கப்பலின் அளவைப் பார்த்துத் தீர்வை நிர்ணயமாகும். அரசர் சடங்கு முறைப்படி வணிகத்தைத் திறந்து வைத்த பிறகுதான் பீப்பாய்கள் நகரும். வெள்ளைக்கார வணிகர்கள் கரையில் வீடு கட்டாமல், பாய்மரம் கழற்றிய பழைய கப்பல்களை ஆற்றில் நங்கூரமிட்டு அவற்றிலேயே கிடங்கும் வீடுமாகக் குடியிருந்தார்கள். உள்ளூர்ப் பெரிய வீடுகளுக்குச் சரக்கை முன்கூட்டியே கடனாகக் கொடுத்து, பாமாயில் வந்ததும் வரவு வைப்பார்கள். சுரண்டலும் சண்டையும் ஏமாற்றும் நிறைய இருந்தன. ஆனாலும் யார் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பது இரண்டு பக்கமும் தெரிந்த விஷயமாக இருந்தது.

இந்தக் கணக்கை வெள்ளையர்களைவிட நன்றாகப் படித்தவர் ஜாஜா. இக்போ இனத்துப் பையன், அடிமையாக விற்கப்பட்டு போனிக்கு வந்தவர். ஒரு பெரிய வணிக வீட்டின் தலைவராகவே உயர்ந்தார். 1869இல் உள்நாட்டுச் சண்டை மூண்டதும் தன் ஆட்களோடு கிளம்பி, பாமாயில் வரும் ஆறுகளின் வழியிலேயே ஒபோபோ என்ற புதிய ஊரை அமைத்துக்கொண்டார். இடைத்தரகர்களை ஒதுக்கி நேரடியாக விற்க முயன்றதும் பிரிட்டிஷார் விடவில்லை. 1887இல் பேச்சுவார்த்தைக்கு அழைத்து, கப்பலில் ஏற்றி, கரீபியத் தீவுகளுக்கு நாடு கடத்தினார்கள். 1891இல் ஊர் திரும்பும் வழியில் இறந்தார். வாக்குக் கொடுத்து அழைத்துவிட்டு மீறியதுதான் அந்த நிகழ்ச்சியில் ஊர் மறக்காத பகுதி.

இனி நீருக்கடியில் இருக்கும் ஊர்களுக்கு வருவோம். போனிக்கு மேற்கே வாழும் கலபாரி மக்கள் இபானிகளின் உறவினர்கள். அவர்களோடு பல்லாண்டுகள் வாழ்ந்து ஆராய்ந்தவர் மானிடவியலாளர் ராபின் ஹார்ட்டன். அவர் பதிவு செய்தபடி, கலபாரி நம்பிக்கையில் முன்னோர்கள் உண்டு, ஊரைக் காத்த வீரர்கள் உண்டு, மூன்றாவதாக நீர் மக்கள் உண்டு. ஒவ்வொரு கழிக்கும் அடியில் அவர்களுக்கு ஊரும் வீடும் குடும்பமும் இருக்கின்றன. மலைப்பாம்பின் வடிவில் வெளியே வருவார்கள். புதுமை, செல்வம், தனிமனிதத் திறமை, கடல் கடந்து வரும் பொருள் எல்லாம் அவர்கள் பக்கத்திலிருந்து வருபவை.

அவர்களைப் பற்றிய கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது எகினேபாவின் கதை. அழகி எகினேபாவை நீர் மக்கள் தங்கள் ஊருக்குக் கடத்திக்கொண்டு போனார்கள். அவர்களுடைய தாய்க்குக் கோபம் வந்தது. திருப்பி விடச் சொன்னாள். அனுப்புவதற்கு முன் ஒவ்வொருவரும் தன்தன் ஆட்டத்தை அவளுக்கு ஆடிக் காட்டினார்கள். ஊர் திரும்பிய எகினேபா அந்த ஆட்டங்களைத் தன் மக்களுக்குக் கற்றுக் கொடுத்தாள். ஒரே ஒரு நிபந்தனை: ஆட்டம் தொடங்கும்போது முதல் கொட்டு அவள்தான் கொட்ட வேண்டும். ஊர் இளைஞர்கள் பொறுக்கவில்லை. அவள் வருவதற்கு முன்பே கொட்டி ஆடினார்கள், திரும்பத் திரும்ப அப்படியே செய்தார்கள். நீர் மக்கள் அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை. ஆண்கள் அவளைத் தெய்வமாக்கி, அவள் பெயரால் எகினே என்ற ஆட்டக்குழுவை அமைத்தார்கள்.

எகினே ஆட்டத்தில் அணியும் மரச் சிற்பங்களைக் கிட்டத்தில் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். நீர்யானை, சுறா, முதலை ஆகியவற்றின் முகம் ஆடுபவரின் உச்சந்தலையில் படுக்கை வாக்கில் கிடக்கும். கண்கள் வானத்தைப் பார்க்கும். கூட்டத்தில் நிற்பவருக்கு அந்தச் செதுக்கு வேலை சரியாகவே தெரியாது. நீர்ப்பரப்பில் மிதந்து வரும் விலங்கு அப்படித்தான் இருக்கும். தவிர, சிற்பம் நீர் மக்களின் பார்வைக்காகச் செய்தது. ஆடுபவருக்குப் பெரிய சோதனையும் உண்டு. தலைமைப் பறைகாரர் ஊர்க் கோயில்களின் பெயரைப் பறை மொழியில் கொட்டுவார். ஆடுபவர் அந்தந்தக் கோயில் இருக்கும் திசையைச் சரியாகக் காட்ட வேண்டும். தவறினால் ஊர் நடுவில் அவமானம். தன் ஊரின் எந்த மூலையில் யார் இருக்கிறார் என்று தெரியாதவன் ஆடத் தகுதியில்லாதவன்.

போனியிலும் இதே மரபைச் சேர்ந்த ஆட்டங்கள் உண்டு. நீர் மக்களின் உலகம் கடல் வணிகத்தோடு எவ்வளவு பின்னியது என்பதற்கு போனியிலேயே அருமையான சான்று ஒன்று இருக்கிறது. 1880களில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பாம்பாட்டிப் பெண் ஒருத்தியின் வண்ண அச்சுப்படம் வெளியானது. நடுவகிடு எடுத்த நீண்ட கருங்கூந்தல், கழுத்தைச் சுற்றிப் பாம்பு. கப்பல் வழியாக அந்தப் படம் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வந்தது. கடல் கடந்து வரும் செல்வம், பாம்பு, அழகிய பெண் மூன்றும் ஒரே படத்தில். கழிமுகத்துக்காரர்களுக்கு அது யார் என்று சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. 1901இல் போனியில் ஓர் ஆட்டச் சிற்பத்தைப் புகைப்படம் எடுத்தார் ஜே. ஏ. கிரீன், போனியில் பிறந்த இபானிக்காரர், இந்தக் கரையின் முதல் தொழில்முறைப் புகைப்படக்காரர்களில் ஒருவர். அந்தச் சிற்பம் அச்சு அசல் ஹாம்பர்க் பாம்பாட்டியேதான். இன்று ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் 'மாமி வாட்டா' என்று அறியப்படும் நீர்த் தேவதைக்கு நிலைத்த முகம் கொடுத்தது அந்தப் படம். 1955இல் கானா வணிகர்களுக்காக அதே படத்தை மறுபடி அச்சடித்து அனுப்பியது பம்பாயின் ஸ்ரீராம் காலண்டர் கம்பெனி. லட்சுமி, சரஸ்வதி காலண்டர்களோடு அதே அச்சகத்தின் சரக்காக அது போய்ச் சேர்ந்தது.

நமக்கு இன்னும் நெருங்கிய தொடர்பு ஒன்றும் உண்டு. சென்னையிலிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட கைத்தறித் துணி, தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் நெய்தது, கலபாரிகளின் குடும்பச் சொத்தாகத் தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் இருக்கிறது. அதை 'இஞ்சிரி' என்கிறார்கள். பெண்கள் சவரக்கத்தி முனையால் அதன் நூல்களை ஒவ்வொன்றாக அறுத்து உருவி, கட்டங்களுக்குள் புதுக் கோலங்களை உண்டாக்குவார்கள். பெரியவர் இறந்தால் அவர் கிடத்தப்படும் அறையின் சுவரும் கட்டிலும் இப்படிப்பட்ட துணிகளால் அலங்கரிக்கப்படும். வந்த பொருளை அப்படியே வைத்துக்கொள்ளாமல் தன்னுடையதாக மாற்றுவது இந்தக் கரையின் பழக்கம். தெய்வத்திலும் சரி, துணியிலும் சரி.

மாற்றம் எப்போதும் இப்படி இனிமையாக நடக்கவில்லை. போனியில் உடும்பு புனிதமான விலங்கு, போர்த் தெய்வம் இகுபாவுக்கு உரியது. வீட்டுக்குள்ளும் வழியிலும் உடும்புகள் இஷ்டம்போலத் திரியும், யாரும் தொட மாட்டார்கள். வெள்ளைக்கார வணிகர் ஒன்றைக் கொன்றுவிட்டால் வணிகமே நின்றுபோகும் அளவுக்குத் தகராறு வரும். 1860களில், முன்பு தானே அடிமையாக விற்கப்பட்டு மீட்கப்பட்ட பிஷப் சாமுவேல் அஜயி க்ரோதரின் மிஷன் போனிக்கு வந்தது. 1867 ஈஸ்டர் நாளில் அரசர் ஜார்ஜ் பெப்பிள் உடும்பு வழிபாடு முடிந்தது என்று அறிவித்தார். நேற்றுவரை தொடக்கூடாத விலங்கு கூட்டங்கூட்டமாக வெட்டப்பட்டது. அரசர் அறிவித்ததும் ஒரு தெய்வத்தின் காலம் முடிந்தது. நீர் மக்களை அப்படி முடித்துவைக்க யாராலும் முடியவில்லை. தேவாலயத்துக்குப் போகிறவர்கள் இன்றும் அவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். பெந்தெகோஸ்தே சபைகளின் பிரசங்கத்தில் அவர்கள் பேயாக வருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

1961க்குப் பிறகு கணக்கு வேறு மாதிரி ஆனது. பாமாயிலுக்குக் கோமி கட்டினார்கள், கட்டிய இடத்திலேயே ஊர் அதைப் பார்த்தது. பெட்ரோலியத்துக்கு ஊர் ஒரு தரப்பே இல்லை. 1960இல் விடுதலை அடைந்தபோது கனிம வருமானத்தில் 50 சதவீதம் அது கிடைக்கும் பிராந்தியத்துக்கு என்று அரசியல் சட்டம் சொன்னது. 1967 ஜூலையில், தனி நாடாகப் பிரிந்த பியாஃப்ராவோடு உள்நாட்டுப் போர் தொடங்கி மூன்றே வாரத்தில், கூட்டாட்சிப் படை கடல்வழியாக வந்து போனியைப் பிடித்தது. இந்தத் தீவு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் எண்ணெய்ப் பணம் என்பது இரு தரப்புக்கும் தெரியும். 1969 சட்டம் பெட்ரோலியம் முழுவதையும் மத்திய அரசின் உடைமை ஆக்கியது, 1978 சட்டம் நிலத்தின் மீதும் அரசின் பிடியை இறுக்கியது. ராணுவ ஆட்சிகளில் அந்த 50 சதவீதம் 1.5 சதவீதம் வரைகூட இறங்கியது. 1999 அரசியல் சட்டத்தில்தான் 13 சதவீதமாக ஏறியது. அதுவும் மாநில அரசுக்குப் போகிறது. குழாய் போகும் ஊர்களுக்கென்று நேரடியாக ஒரு பங்கு, நிறுவனங்களின் செலவில் 3 சதவீதம், சட்டத்தில் எழுதப்பட்டது 2021இல். முனையம் வந்து 60 ஆண்டு கழித்து.

இதற்கிடையில் திரவ இயற்கை எரிவாயு ஆலையும் தீவுக்கு வந்தது. ஃபினிமா கிராமத்தை அதன் பழைய இடத்திலிருந்து பெயர்த்துத் தீவின் வேறு பகுதியில் குடியமர்த்திய பிறகு ஆலை எழுந்தது. 1999இல் ஏற்றுமதி தொடங்கியது. ஆண்டுக்கு 2 கோடியே 20 லட்சம் டன் திரவ எரிவாயு தயாரிக்கும் திறன் கொண்டது அது. இத்தனைக்கும் தீவுக்கு நெடுங்காலம் தரைவழிச் சாலை இருக்கவில்லை. ஊர்க்காரர்கள் போர்ட் ஹார்கோர்ட் படகுத்துறையில் ஸ்பீடு போட் ஏறித்தான் போய்வந்தார்கள். தரைப்பகுதி ஊரான போடோவிலிருந்து போனிக்குச் சாலை போடும் வேலை 2017க்குப் பிறகுதான் சூடுபிடித்தது.

போடோ என்ற அந்தப் பெயர் வேறு காரணத்துக்காகவும் உலகத்துக்குத் தெரியும். போனி முனையத்துக்கு எண்ணெய் கொண்டுவரும் டிரான்ஸ் நைஜர் குழாய் ஒகோனி மக்களின் நிலத்தின் வழியாகப் போகிறது. எழுத்தாளர் கென் சாரோ-விவாவும் அவரோடு எட்டுப் பேரும் 1995இல் ராணுவ அரசால் தூக்கிலிடப்பட்டது இந்த நிலத்துக்காகக் குரல் எழுப்பிய பிறகு. 2008இல் போடோ அருகே அந்தக் குழாய் இரண்டு முறை உடைந்து, அடைக்கப்படும் வரை வாரக்கணக்கில் கழியில் எண்ணெய் கொட்டியது. நீர் வற்றும் நேரத்தில் பெண்கள் சேற்றில் இறங்கி, அலையாத்தி வேர்களுக்கிடையே நத்தையும் நண்டும் பொறுக்குவது அங்கே அன்றாட வருமானம். எண்ணெய் படிந்த வேர்கள் கருகின, நத்தை போனது, மீன் போனது. லண்டன் நீதிமன்ற வழக்குக்குப் பிறகு 2015இல் ஷெல் 5.5 கோடி பவுண்டு இழப்பீடு தர ஒத்துக்கொண்டது. 2011இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் ஒகோனி பற்றி வெளியிட்ட அறிக்கை, ஓரிடத்துக் குடிநீரில் பென்சீன் உலக சுகாதார நிறுவன வரம்பைவிட 900 மடங்குக்கு மேல் இருந்ததைச் சொன்னது. முழுமையாகச் சரிசெய்ய 25 முதல் 30 ஆண்டு ஆகும் என்றும் சொன்னது.

இன்னொரு பக்கம், குழாயைத் துளைத்து எண்ணெய் எடுத்து, காட்டுக்குள் டிரம்மில் காய்ச்சி டீசலாக விற்கும் 'க்போ ஃபயர்' தொழில் வளர்ந்தது. அதன் கரும்புகை போர்ட் ஹார்கோர்ட்டின் துணிக்கொடிகளில் படிகிறது. 2022இல் திருட்டு முற்றி, குழாயில் விட்ட எண்ணெயில் பெரும்பகுதி முனையத்துக்கு வந்து சேரவே இல்லை. போனி லைட் ஏற்றுமதிக்கு உத்தரவாதம் தர முடியாது என்று நிறுவனம் அறிவிக்க வேண்டி வந்தது. இதை வெறும் குற்றமாகப் பார்ப்பது எளிது. குற்றம்தான், சுற்றுச்சூழலுக்குப் பெரும் கேடும்தான். ஆனால் தங்கள் கழியின் குறுக்கே போகிற செல்வத்தில் தங்களுக்கு எந்தச் சட்டப்படியான பங்கும் இல்லாத நிலையில் இரண்டு தலைமுறை வளர்ந்த பிறகு வந்தது அது. முதல் கொட்டுக்கு உரியவளை விட்டுவிட்டுக் கொட்டியதும் எகினேபா போய்விட்டாள் என்ற கதையைச் சொல்லி வளர்ந்த ஊர்களுக்கு, உரிமை மீறலும் அதன் விளைவும் புரியாத விஷயங்கள் அல்ல.

2025 மார்ச்சில் ஷெல் தன் நைஜீரியத் தரைவழி எண்ணெய் நிறுவனத்தை, போனி முனையத்தோடு சேர்த்து, ரெனைசான்ஸ் என்ற கூட்டமைப்புக்கு விற்றுவிட்டது. கூட்டமைப்பில் பெரும்பாலும் நைஜீரிய நிறுவனங்கள். உள்நாட்டு நிறுவனங்கள் கையில் வந்தது நல்லதுதான் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் கழிகளில் கிடக்கும் பழைய எண்ணெய்க்கு யார் பொறுப்பு என்ற கேள்வி விற்பனைப் பத்திரத்தோடு கைமாறிவிடாது. இஜோ இனத்தின் தீவு ஊரான பில்லேவும், ஒகோனியின் ஒகாலேயும் ஷெல் மீது லண்டனில் வழக்குத் தொடுத்திருக்கின்றன. பழைய கசிவுகளுக்கும் நிறுவனத்தைப் பொறுப்பாக்கி வழக்காடலாம் என்று 2025 ஜூனில் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முழு விசாரணை 2027இல் நடக்க இருக்கிறது. அந்த வழக்கில் பில்லே மக்கள் கேட்பவற்றில் ஒன்று, தங்கள் அலையாத்திக் காட்டையும் கழியையும் சுத்தம் செய்து தர வேண்டும் என்பது.